ரெண்டு நம்பர் போட்ட பெட்டி

அவர் என் கடைக்குள் வந்தால் முதல் வணக்கம் எனக்குக் கிடையாது. வாசலில் தொங்கும் பழைய பட்டாளத்து ஜெர்சிக்குத்தான். காலரைத் திருப்பி, உள்பக்கம் மையால் எழுதியிருக்கும் நம்பரை உதடு அசையப் படிப்பார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, சௌக்கியமா?" என்பார்.

வேறு யாராவது என்னை இப்படி இரண்டாம் பட்சமாக நடத்தியிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சைக்கிளில் பழைய இரும்பு எடுத்து, அப்போதே ஓசூரில் இரண்டு குடோன் கட்டியிருந்தவன். ராணுவத்தில் கழித்துவிட்ட சாமான்களைப் பெங்களூரில் ஏலம் விட்டால், நான் வந்துவிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். ஜெர்சி, பூட்ஸ், மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில், தகரப் பெட்டி என்று எல்லாம் வரும். காலை ஷிப்டுக்குக் குளிரில் போகிற கம்பெனிக்காரர்களில் பாதிப் பேர் போட்டிருக்கும் ஜெர்சி என் கடை ஜெர்சி. தளிப் பக்கத்து விவசாயிகள் யானைக் காவலுக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டும் என்னுடையதுதான். யானைக்கே என் கடைத் துணி தெரியும் என்று நான் சொல்வதுண்டு.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார். நாங்கள் அவரை நம்பர்காரர் என்றே சொல்வோம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். சிப்காட்டில் இரும்பு வார்ப்படம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அவர் கையைத் தாண்டித்தான் எந்தப் பீசும் வெளியே போகும். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் அடித்திருக்கும். எங்கேயோ வடக்கே ஒரு லாரிக்கு அடியில் அந்தப் பீஸ் உடைந்தால் இவருக்குப் போன் வரும். நம்பரைக் கேட்டதும் எந்த நாள், எந்த ஷிப்டு, எந்த உலை, யார் ஊற்றியது என்று சொல்லிவிடுவார்.

"ஊத்துனவன் அன்னைக்கு லீவு கேட்டுக் கெடைக்காம வந்தவன் அண்ணாச்சி. அதான் உடைஞ்சிருக்கு" என்று ஒருமுறை சொன்னார். அது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

முதல்முறை வந்தபோது ஒரு ஜெர்சி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஜெர்சியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன் சார், சைஸ் பத்தலீங்களா?"

"சைஸெல்லாம் சரிதான். ஆனா ஆளைக் கேக்கலியே."

"எந்த ஆளை?"

காலரைத் திருப்பிக் காட்டினார். "நம்பர் இருந்தா ஆள் இருக்கும்லா. அவரு பாட்டுக்கு எங்கயோ இருக்காரு. நான் அவரு சட்டையப் போட்டுக்கிட்டு ஓசூர்ல திரியுதேன். நல்லாவா இருக்கு?"

சாமான் பிரிக்கிற ரத்னம்மா அப்போது பூட்ஸ் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வாய் ஓயாதவள். "மொதலாளி, பைத்தியத்துக்கு ஜெர்சி வித்திருக்கறீங்க" என்று என்னிடம் தெலுங்கில் சொன்னாள். நம்பர்காரர் அவள் பக்கம் திரும்பி, தெலுங்கிலேயே, "பைத்தியத்துக்கும் குளிருமேம்மா" என்றார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு என்று எங்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து ரத்னம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் வழி தேடி வைத்திருந்தார். ராணுவ கேன்டீன் வரிசையில் நிற்கும் பழைய பட்டாளத்துக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்து, நம்பரின் முதல் சில எழுத்துகளைப் பார்த்து எந்தப் படைப்பிரிவு என்று சொல்லக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ரெக்கார்டு ஆபீஸ் உண்டு. வெளி ஆளுக்கு விலாசம் தர மாட்டார்கள். ஆனால், 'இந்த நம்பருக்குரியவருக்கு இந்தக் கடிதத்தை மட்டும் அனுப்பிவையுங்கள்' என்று தபால்தலை ஒட்டிய உறையோடு கேட்டால் சில நேரம் அனுப்பிவைப்பார்கள். மாசக்கணக்கில் ஆகும். அவர் காத்திருப்பார். ஒரு நீளமான நோட்டில் ஒரு நம்பருக்கு ஒரு பக்கம்.

ஜெர்சிக்குப் பதில் வந்தபோது குளிர்காலமே முடிந்திருந்தது. வடக்கே இமயமலைப் பக்கத்திலிருந்து இந்திக் கடிதம். கம்பெனியில் வேலை செய்யும் பீகார்ப் பையன் படித்துச் சொன்னானாம். 'இடது முழங்கை கம்பி வேலியில் கிழிந்தது. என் மனைவிதான் தைத்தாள். தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். தையலைப் பிரிக்க வேண்டாம்.'

சித்திரை வெயிலில் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார் மனிதர். வேர்த்துக் கொட்டுகிறது. முழங்கையை மடக்கி மடக்கி எல்லோருக்கும் காட்டினார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. பையில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு துணி, ஒரு டப்பா முகப் பவுடர். தகரத்தில் தேய்ந்துபோன நம்பர்மேல் பவுடரைத் தூவித் துணியால் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். எழுத்து எழுந்து வரும். "சார் மேக்கப் போட வந்துட்டாரு" என்பாள் ரத்னம்மா. அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் நம்பர் உள்ள சாமானை விற்கக் கூடாது என்று எனக்கே கட்டளை. என் கடையில் எனக்கு! ஆனால் பாருங்கள், நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எல்லாம் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். ஒரு பூட்ஸுக்கு அடியில் இருந்த நம்பரை வைத்துக்கொண்டு எட்டு மாதம் கடிதம் போட்டார். அப்படி ஒரு ஆளே இல்லை என்று பதில் வந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும் இல்லை. கடைசியில் நான்தான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துச் சொன்னேன். அது பூட்ஸ் செய்த கம்பெனியின் லாட் நம்பரும் சைஸும். தன் வாழ்நாள் முழுக்க லாட் நம்பர் பார்த்த மனிதர் எட்டாம் சைஸ் பூட்ஸை ஒரு சிப்பாய் என்று நம்பி எட்டு மாதம் தேடியிருக்கிறார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. 'ஆள் அல்ல, பூட்ஸ்' என்று எழுதி மூடிவைத்தார்.

இன்னொன்று பெல்ட். அந்த நம்பருக்குரியவர் தளிக்குப் பக்கத்து ஊர்க்காரர், இறந்துபோய்விட்டார் என்று தெரிந்தது. மகனுடைய போன் நம்பர் கிடைத்தது. கன்னடக்காரர்கள். ரத்னம்மாதான் பேசினாள். அரை நிமிஷத்தில் போனை வைத்துவிட்டாள்.

"பேடா, பிசாடின்னுட்டாரு. வேண்டாமாம், தூக்கிப் போடுங்கன்றாரு. அப்பனுக்கும் மகனுக்கும் ஆவாதாம்."

"சரி, ஓனரே வேணாம்னுட்டாரு. வித்துரலாம் சார்" என்றேன் நான்.

"ஓனரு சொல்லலியே. ஓனரு மகன்லா சொல்லுதாரு."

பெல்ட்டை ஆணியில் மாட்டி ஒரு சீட்டு எழுதிக் கட்டினார். மூன்று மாதம் கழித்து ஒருநாள் அந்த மகனே வந்து நின்றார். பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். கடைசித் துளைக்கு அப்பால் ஆணியால் குத்திய ஒரு துளை அதிகமாக இருந்தது. இடுப்பில் கட்டிப் பார்த்தார். அதே துளையில்தான் வந்து நின்றது. கட்டியது கட்டியபடியே போய்விட்டார். அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரு மூட்டை முட்டைக்கோஸ் வந்து இறங்கியது. ஒரு வாரம் எங்கள் எல்லோர் வீட்டிலும் கோஸ் பொரியல்தான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு என் பெட்டிமேல் கண் விழாமல் இருக்குமா?

என் கடையில் நான் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்திருக்க முடியாது. ஒரு கறுப்புத் தகரப் பெட்டிமேல்தான் உட்காருவேன். பட்டாளத்துக்காரர்கள் துணிமணி வைக்கும் பெட்டி. நான் இந்தத் தொழிலில் எடுத்த முதல் பட்டாளத்துச் சாமான் அதுதான். கடைக்கு வருகிறவர்களுக்கு டீ வருமுன்னே அந்தக் கதை வந்துவிடும். பெங்களூரு ஏலத்தில் முப்பது பேர் போட்டி போட்டார்கள், ஒரு சர்தார்ஜி கடைசி வரைக்கும் விடவில்லை, நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே குரல் கொடுத்தேன், கூடமே அடங்கிப்போனது. அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஏறுமுகம். இறங்கினால் போய்விடும் என்று ஒரு பயமும் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

பெட்டியின் முன்பக்கம் என் கடைப் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். அதற்கு அடியில் பழைய எழுத்து என்னவோ இருந்தது, மறைந்துவிட்டது. மேல் விளிம்பில் மட்டும் வெள்ளையில் இரண்டு நம்பர்கள். ஒன்றின் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தது. அதன் மேலே இன்னொன்று.

முதல்நாளே அவர் அதைப் பார்த்துவிட்டார். கேட்கவில்லை. இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, "அண்ணாச்சி, ஒங்க அடியில ரெண்டு பேரு இருக்காவ" என்றார்.

"இருக்கட்டும் சார். நான் ஒண்ணும் கனமில்ல."

"மொதல்ல இருந்தவரு ஒரு ஜவான். அவரு நம்பர அடிச்சிட்டு மேல எழுதியிருக்குல்லா, அது பெரிய பதவிக்காரரு. முன்னால ரெண்டு இங்கிலீஷ் எழுத்து பாருங்க. ஜவான்கிட்ட இருந்து பெட்டி இவருக்குக் கைமாறியிருக்கு."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"எங்க கம்பெனில ஒரு பீஸுக்கு ஒரே நம்பர்தான் அண்ணாச்சி. உலையில பொறந்ததுல இருந்து ஒடைச்சுப் போடுத வரைக்கும் மாறாது. நம்பர அடிச்சு வேற நம்பர் போட்டிருந்தா அது வேற பீஸு, வேற ஆளு. இதுல சந்தேகமே கெடையாது."

எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு பேர் என்றால் யாருக்கென்று கொடுப்பது? நல்ல சாக்கு. அடுத்த ஒரு வருஷம் அவர் பேச்செடுக்கும்போதெல்லாம் அதையே சொல்லிச் சமாளித்தேன். அவர் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்னம்மாவுக்கு எதிரிலேயே கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒத்து வந்தா குடுப்பியளா?"

என் வாய் இருக்கிறதே, அதுதான் எனக்குச் சோறு போட்டது, அதுதான் எனக்குக் குழியும் வெட்டும். நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என் கடை வாசல்ல வந்து நிக்கட்டும் சார். என் ரெண்டு கையாலயும் தூக்கிக் குடுக்கறேன். ஒருத்தர் மட்டும் வந்தா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவேன்."

எங்கேயோ பஞ்சாபில் ஒருத்தர், கேரளாவில் ஒருத்தர். எந்த ஜன்மத்தில் சேர்ந்து வந்து நிற்பார்கள்? நிம்மதியாகப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கி, இரண்டு கடிதம் எழுதினார்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு பதினோரு மணி. ராயக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கியதாகச் சொல்லிக்கொண்டு வயசான புருஷனும் பெண்சாதியும் கடைக்குள் வந்தார்கள். அவர் நெட்டையாக, முதுகு வளையாமல் இருந்தார். சட்டைப்பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்தார்.

"இங்க நம்பர் பாக்கறவரு யாருங்க?"

நம்பர்காரர் பவுடர் டப்பாவோடு எழுந்து வந்தார். பெரியவர் இரண்டு கடிதத்தையும் அவர் முன்னால் விரித்தார்.

"ரெண்டுலயும் நீங்க ஒரே மாதிரி எழுதியிருக்கறீங்க. 'இந்தப் பெட்டிக்கு இன்னொருத்தருக்கும் உரிமை இருக்கிறது. தயவுசெய்து அவரோடு பேசி, இருவரும் ஒத்துக்கொண்டு வரவும்'னு."

"ஆமாய்யா."

"பேசிட்டோங்க. அவரு ரொம்ப நல்ல மனுசன். தகராறு ஒண்ணும் பண்ணல. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுத்தான் வந்திருக்கறோம்."

நான் வாசலை எட்டிப் பார்த்தேன். "இன்னொருத்தரு எங்கீங்க?"

"அவரும் நான்தாங்க" என்றார் பெரியவர்.

சுபேதாராக ரிட்டயர் ஆனவர் அவர். உத்தனப்பள்ளிக்காரர். எங்கள் கடையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட் தூரம். பட்டாளத்தில் ஜவானாகச் சேரும்போது ஒரு நம்பர் கொடுப்பார்களாம். நாயப் சுபேதார் என்கிற அதிகாரிப் பதவிக்கு ஏறினால் அந்த நம்பர் போய்ப் புது நம்பர் வருமாம். "பதவி வந்த சேதி தெரிஞ்சப்ப நான் லீவுல இருந்தேன். புது நம்பர் கெடைச்சதும் மொதமொதல்ல இந்தப் பெட்டியிலதான் எழுதினேன். பழசை அழிக்க மனசு வரல, ஒரு கோடு மட்டும் போட்டேன்" என்றார். இரண்டு கடிதமும் வடக்கே போய்ச் சுற்றி, ஒரே நாளில், ஒரே தபால்காரர் கையில், ஒரே வீட்டுக்கு வந்திருக்கின்றன.

நம்பர்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இடிந்து உட்காருவார் என்று நினைத்தேன். அவர் கையைத் தட்டிச் சிரிக்கிறார். "ரெண்டு நம்பருக்கு ஒரே ஆளா! மனுசன் பீஸு மாதிரி இல்லியே அண்ணாச்சி, பதவியில மேல மேல ஏறுதானே!" நோட்டை எடுத்து அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஊசி நூலால் தைத்தார். ரத்னம்மாதான் ஊசி கொடுத்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்கிறார்கள். நான் இன்னும் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறேன். கொடுத்த வாக்கு. ரத்னம்மா வேறு, "மொதலாளி, ரெண்டு கையாலயும்னு சொன்னீங்க" என்று எடுத்துக் கொடுக்கிறாள். கடைசி முயற்சியாகப் பெட்டியின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தேன். "சும்மா வந்த பெட்டி இல்லீங்க சுபேதாரய்யா. பெங்களூரு ஏலத்துல முப்பது பேரு போட்டி. ஒரு சர்தார்ஜி..."

"ஏலமா?" என்றது அந்த அம்மாவின் குரல். அதுவரை வாயே திறக்கவில்லை. என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "குரலைக் கேட்டதும் நெனச்சேன். ஏம்ப்பா, நீ சைக்கிள்ல கொடம் கட்டிக்கிட்டு வந்தவன்தானே? 'பழைய இரும்புக்கு பிளாஸ்டிக் கொடம்'னு எங்க தெருவுல கூவுனியே. மாட்டுக் கொட்டாயில கெடந்த பெட்டிய எடுத்துக்கிட்டு ஒரு பச்சைக் கொடம் குடுத்தியே!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

பொய் சொன்னேன் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் ஒரே ஒருவரிடம் ஏலம் என்று சொன்னேன். அவர் மரியாதையாகப் பார்த்தார். அடுத்தவரிடம் பத்துப் பேர் போட்டி என்றேன். சர்தார்ஜி பிற்பாடு வந்து சேர்ந்தார். இருபத்தைந்து வருஷம் சொன்னதில் அந்த ஏலக் கூடம் என் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்த மாட்டுக் கொட்டகையும் பச்சைக் குடமும் மறந்தே போய்விட்டன. அந்த அம்மா சொன்னதும் இரண்டும் பளிச்சென்று வந்து நின்றன. என்னை அந்த ஊரில் கை நீட்டிக் கூப்பிட்ட முதல் வீடு அது.

"இவரு லீவுல வந்து பெட்டி எங்கடீன்னாரு. கொடத்தைக் காட்டினேன். அன்னிக்கு ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் எனக்குக் கொடத்துக்காரின்னுதான் பேரு" என்றார் அம்மா. "அந்தக் கொடமாச்சும் வந்துச்சா? ஒரே மாசத்துல அடியில ஓட்டை."

"பெட்டியும் அடியில ஓட்டைதாங்க இருந்துச்சி" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நான்தான் புதுத் தகடு வெச்சி ரிவிட் அடிச்சேன்."

சுபேதார் சிரித்தார் பாருங்கள், கடைத் தகரமே அதிர்ந்தது. அந்த அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் எழுந்தேன். இரண்டு கையாலும் தூக்கி வாசலில் கொண்டுபோய் வைத்தேன். சுபேதார் மூடியைத் தடவினார். குனிந்து அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தார். "கெட்டியா இருக்குது. இதுல உங்களுக்கும் பங்கு இருக்குதுங்க" என்றார்.

நம்பர்காரர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப மூணாவதா ஒருத்தரு இருக்காரு. அடிய மாத்தினவரு. எங்க கம்பெனில ரிப்பேர் பண்ணினா அதையும் பதியணும். அண்ணாச்சி, ஒங்க நம்பரைச் சொல்லுங்க."

"எனக்கு ஏது சார் நம்பர்?"

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. பள்ளிக்கூடத்தில் அஞ்சு வருஷம். பட்டாளமில்லை, கம்பெனியில்லை, பரீட்சை எழுதியதில்லை. ஊரில் எவனுக்கும் ஒரு டோக்கன் நம்பர், ஒரு ரோல் நம்பர் உண்டு. இரண்டு குடோன் வைத்திருந்த எனக்கு, ஆதாரையும் வரி நம்பரையும் விட்டால், சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

"போன் நம்பர் இருக்குல்லா?" என்றார் அவர்.

வெள்ளைப் பெயிண்டும் மெல்லிய பிரஷும் கொண்டுவரச் சொன்னார். சுபேதாரின் இரண்டு நம்பருக்கும் கீழே, அதே அளவில், அதே சாய்வில், என் போன் நம்பரின் பத்து எண்களையும் எழுதினார். பெயிண்ட் காயும் வரைக்கும் எல்லோரும் டீ குடித்தோம். பெட்டி ஆட்டோவில் ஏறிப் போனது. ரத்னம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். நான் பயந்த மாதிரி ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. மூன்றாவது குடோன் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கட்டினேன். அடுத்த வாரமே உத்தனப்பள்ளிக்கு ஒரு எவர்சில்வர் குடம் அனுப்பினேன். பச்சை இல்லை என்று ஒரு குறை சொல்லி அனுப்பினார்கள்.

நம்பர்காரர் ரிட்டயர் ஆகிச் சொந்த ஊருக்குப் போய்ச் சில வருஷம் ஆகிறது. போகும்போது அந்த ஜெர்சியைத்தான் போட்டுக்கொண்டு போனார். பஸ் ஏறுமுன் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தில் என் நம்பரை எழுதிக்கொண்டார்.

என் மகனுக்கு ஒரு யோசனை. கடைக்கு வேறு நல்ல சிம் வாங்கலாம், சுலபமாக ஞாபகம் வைக்கிற மாதிரி ஃபேன்ஸி நம்பர் கிடைக்கிறது என்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டால் தொழில் ரகசியம் என்பேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்த ஞாயிறு, அதே பதினோரு மணிக்குப் போன் அடிக்கும். வணக்கம் கிடையாது. முதலில் என் நம்பரின் பத்து எண்களையும் ஒவ்வொன்றாகப் படிப்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். படித்து முடித்ததும் கேட்பார்:

"ஆள் இருக்கா?"

"இருக்கேன் சார்."

"சௌக்கியமா அண்ணாச்சி?" என்பார் அதற்குப் பிறகு.